தெரியாது என்று சொல்லித்தான் உட்கார வேண்டும்

இந்த ஊரில் நானாகச் சம்பாதித்தது ஒரு நாற்காலி. வீடு கணவர் பெயரில் இருக்கிறது. கார் மகன் பெயரில். வேலை ஆலை கொடுத்தது, நினைத்தால் எடுத்துக்கொள்ளும். நாற்காலி மட்டும் நான் வாய்ச்சண்டை போட்டு வாங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிதான், ஒரு கால் லேசாக ஆடும். பத்தாங் பெர்ஜுந்தாயில் பாய் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே இருக்கும் மேசையில் அது கிடக்கிறது. அது காற்பந்து மேசை. அதில் உட்காரும் ஒரே பெண் நான்.

முதல் இரண்டு வருடம் எனக்குப் பக்கத்து மேசைதான். வேலை முடிந்து வீட்டுக்குப் பொட்டலம் வாங்க வருவேன். ரொட்டி சானாய் வரும்வரை அந்த மேசைக்காரர்கள் பேசுவது காதில் விழும். பாதி தப்பாகப் பேசுவார்கள். ஆஃப்சைட் எது என்று தெரியாமலே நடுவரைத் திட்டுவார்கள். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, பந்தைத் தட்டிவிட்ட நேரத்தில் ஆட்டக்காரன் எங்கே நின்றான் என்பதுதான் கணக்கு, அவன் வாங்கிய நேரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன். மேசையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வாராவாரம் நின்றுகொண்டே சண்டை போட்டேன். ரொட்டி ஆறிப்போய் வீட்டில் பேச்சு வாங்கினேன். கடைசியில் பாய் தானே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து சண்டை போடுங்கள், நின்றால் கால் வலிக்கும் என்றார். அன்றிலிருந்து அது என் நாற்காலி.

மேசையில் நிரந்தரமாக மூன்று பேர். வந்து போகிறவர்கள் உண்டு, அவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நாங்கள் கிளப் பெயரைச் சொல்வதில்லை, நிறத்தைத்தான் சொல்வோம். இங்கிலாந்தில் சிவப்புச் சட்டை போடும் குழுக்கள் எத்தனையோ இருக்கலாம், எங்கள் மேசையில் சிவப்பு என்றால் ஒன்றுதான். நான் அந்தச் சிவப்பு. எனக்கு எதிரே உட்காருபவன் நீலம். தோட்டங்களிலிருந்து நான் வேலை செய்யும் பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி வரும் லோரியை ஓட்டுகிறான். வயதில் என் கடைசித் தம்பி அளவு இருப்பான், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். மூன்றாவது ஆள் வாத்தியார். இங்கே தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார், வீடு புக்கிட் செந்தோசாவில். அவரும் சிவப்புதான், ஆனால் அவர் என் பக்கம் இருப்பதும் இல்லாததும் ஒன்று. சொந்தக் குழு தோற்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதில் அவருக்கு ஒரு தனிச் சுகம்.

இந்த மேசைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஐரோப்பாக் கிண்ண ஆட்டங்கள் நம் ஊர் நேரப்படி விடியற்காலை மூன்று மணிக்குத்தான் ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் விழித்திருந்தால் மறுநாள் லோரி ஓட்ட முடியாது, வகுப்பு நடத்த முடியாது. அதனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வரும் மறுஒளிபரப்பைத்தான் பார்ப்போம். அதுவரை முடிவு தெரியாமல் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. வாட்ஸ்அப் குழுக்களை முதல் நாளே அடக்கி வைப்போம். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத் திருப்ப மாட்டோம். கடைக்குள் வந்ததும் கைப்பேசிகள் ரொட்டிக் கூடைக்குள் போய்விடும். தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் செய்தி ஓடுமே, அதில் முடிவு வந்துவிடும் என்று பாய் பழைய காலண்டர் அட்டையை நீளமாக வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார். வெளியூர்க்காரர்கள் வந்தால், திரை உடைந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. நாற்காலியில் உட்காருமுன் "தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் டீயைக் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்தான். எப்படியோ முடிவைத் தெரிந்துகொண்டவர் அதைச் சொல்லிவிட்டு, கை கழுவும் தொட்டியை ஒட்டிய மேசைக்குப் போய்விட வேண்டும். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது. நானே இரண்டு முறை அங்கே உட்கார்ந்திருக்கிறேன். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, போரடிக்கும், அவ்வளவுதான்.

முடிவு தெரியாதவர்கள் ஐந்து மணிக்கே கூடி அரை மணி நேரம் வாக்குவாதம் செய்வோம். யார் ஜெயிப்பார், எத்தனை கோல், யாரை உட்கார வைக்க வேண்டும். உலகம் பார்த்து முடித்துவிட்டுப் போன ஆட்டத்துக்கு நாங்கள் மூன்று பேரும் ஆரூடம் சொல்லிக்கொண்டிருப்போம். கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகு ஜாதகம் பார்க்கும் கூட்டம் என்று என் கணவர் கேலி செய்வார். அவருக்குக் காற்பந்து என்றால் கொட்டாவி.

என் வேலையையும் சொல்ல வேண்டும். ஆலை வாசலில் லோரிகளை எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் நான். இங்கே எல்லாரும் டிம்பாங் என்பார்கள். குலையோடு வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை, கழித்துச் சீட்டுக் கொடுப்பேன். குலைக்கு அடியில் ஈர மணலைப் போட்டுக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் லோரியைப் பின்னால் எடுத்து மறுபடி மேடை ஏறச் சொல்வேன். மணல் இருந்தால் குலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் முழு லோரியும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஒன்றும் இல்லாத ஓட்டுநர்களும் உண்டு. ஆனால் இரண்டாம் முறை ஏறும்போது யாருமே என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அது ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. பதினாறு வருடமாக என் எடையில் ஒரு கிலோ தப்பு என்று யாரும் சொன்னதில்லை, அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

போன வருடம் சிவப்பின் நிலைமை சுமார்தான். இங்கிலாந்து லீக்கில் ஆறாவது இடம். ஆனால் ஐரோப்பாவில் எப்படியோ தட்டுத்தடுமாறிக் கால் இறுதிவரை வந்துவிட்டார்கள். எங்கள் மேசையில் மாதக்கணக்காக ஒரே சண்டை. ஐரோப்பாவை விட்டுவிட்டு லீக்கில் நாலாவது இடத்தைப் பிடிப்பதா, இல்லை லீக்கை விட்டுவிட்டுக் கிண்ணத்துக்குப் போவதா? வாத்தியார் கைதுடைக்கும் காகிதத்தில் மிச்சமுள்ள ஆட்டங்களை எழுதிக் கூட்டிக் கழித்து, இரண்டும் கிடைக்காது என்று காட்டுவார். எட்டு நாளில் மூன்று ஆட்டம், நல்ல ஆட்டக்காரர்கள் பதின்மூன்று பேர்தான், அதில் இரண்டு பேருக்கு முழங்கால் சரியில்லை. நாலாவது இடம் வந்தால்தான் அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குள் நுழைய முடியும், அதை விட்டுவிட்டு இந்த வருடக் கிண்ணத்தைத் துரத்துவது மடத்தனம் என்பது அவர் கட்சி. கையில் வந்த கால் இறுதியை எவனாவது விடுவானா என்பது என் கட்சி.

நீலம் அந்த வருடம் லீக்கில் முதலிடம். ஐரோப்பாவில் ஆரம்பத்திலேயே மூட்டை கட்டிவிட்டது, அதைப் பற்றி லோரித் தம்பி பேச மாட்டான். எங்கள் கேப்டனைப் பற்றித்தான் பேசுவான். உங்கள் ஆள் திரும்புவதற்குள் நான் லோரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்திவிடுவேன் என்பான். அதற்கு நானே சிரித்துவிட்டேன்.

கால் இறுதியின் முதல் ஆட்டம் எதிரியின் ஊரில். இரண்டுக்கு ஒன்றுமில்லை என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வாத்தியார் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார், எதிர்பார்த்ததுதான் என்பதுபோல. அடுத்த வாரம் நம் வீட்டு மைதானத்தில் திருப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். லோரித் தம்பிக்கு அன்று என்ன ஆயிற்றோ, வழக்கமான கேலியைத் தாண்டிப் போனான்.

"அக்கா, இது சட்டை கலர் பாத்துப் புடிக்கிற விசயம் இல்ல லா. வெளையாடிப் பழகுன ஆம்பளைங்களுக்குத்தான் புரியும். நீங்க பொட்டலம் வாங்குற மேசையிலயே இருந்திருக்கலாம்."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். பாய் கல்லாவுக்குத் திரும்பிவிட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. சின்ன வயதில் எங்கள் தோட்டத்துத் திடலில் பையன்கள் ஆடும்போது கோட்டுக்கு வெளியே நின்று ஒவ்வொரு தப்பையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள் நான். ஆட விடாதது என் குற்றமா? இதைச் சொல்லியிருக்கலாம். தே தாரிக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வாரம் முழுக்க அந்த வார்த்தை மனதில் கிடந்து அரித்தது.

அடுத்த வாரம் இரண்டாம் ஆட்டம். எல்லா ஏற்பாடும் செய்துகொண்டுதான் காலையில் வேலைக்குப் போனேன். கைப்பேசியை அணைத்துக் கைப்பையின் அடியில் போட்டேன். ஒன்பது மணிக்கு, செகிஞ்சான் பக்கத்திலிருந்து ஒரு சீனர் சின்ன லோரியில் குலை கொண்டுவந்தார். நெல்லோடு கொஞ்சம் செம்பனையும் வைத்திருக்கிறார், மாதம் இரண்டு முறை வருவார். அன்று பார்த்துச் சிவப்புச் சட்டை போட்டிருந்தார். என் மேசைமேல் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்ததும் அவருக்கு ஒரே சந்தோசம். நான் கையை ஆட்டி வேண்டாம் என்பதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கையில் நாலு விரலையும் மறு கையில் ஒரு விரலையும் உயர்த்திவிட்டார்.

"எம்பாட் சாத்து, கா" என்றார். நாலுக்கு ஒன்று, அக்கா.

முதலில் குதிக்க வேண்டும்போல இருந்தது. இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் நாலுக்கு மூன்று, நாங்கள் அரை இறுதியில். அடுத்த நிமிடமே மேசைச் சட்டம் நினைவுக்கு வந்தது. இன்றைக்குப் போய்த் தொட்டிப் பக்கத்து மேசையில் உட்கார வேண்டும். முதுகைக் காட்டிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு. இன்றைக்குப் பார்த்தா? பதினோரு மணிக்கு லோரித் தம்பி எடை போட வந்தான். சீட்டை நீட்டும்போது, சாயங்காலம் மறக்காமல் வாருங்கள், உங்கள் குழுவுக்குக் கருமாதி என்றான். அவனைப் பொறுத்தவரை போன வாரம் சொன்னதெல்லாம் மறந்தே போய்விட்டது. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவன் லோரி மேடையை விட்டு இறங்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன்.

ஐந்து மணிக்குக் கடையில் இருந்தேன். கைப்பேசிகள் கூடைக்குப் போயின. வாத்தியார் "தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்தார். லோரித் தம்பி "தெரியாது" என்று உட்கார்ந்தான். நானும் "தெரியாது" என்று சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தேன். நாக்கு தடுக்கவே இல்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லும்போது எங்கள் மேசையில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அடுத்தது என்ன சாப்பிடலாம் என்றுதான் பார்ப்பார்கள்.

ஜெயிப்போம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். வாத்தியார் ஒன்றுக்கு ஒன்று என்றார். லோரித் தம்பி மூன்று கோல் வாங்கிக்கொண்டு போவீர்கள் என்றான். நான் ஜெயிப்போம் என்றதும் அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில்தான் நான் நிதானம் இழந்தேன். எத்தனைக்கு என்று கேட்டான். நாலுக்கு ஒன்று என்றேன். அதோடும் விடவில்லை. முதல் கோலை அவர்கள்தான் போடுவார்கள், அப்புறம் நாங்கள் நாலு என்றேன்.

அந்த முதல் கோல் விசயம் எனக்குத் தெரியாது. இரண்டு கை விரல்களில் எந்தக் கோல் முதலில் விழுந்தது என்று எப்படித் தெரியும்? அது என் சொந்தப் புத்தி. எங்கள் ஆட்கள் சொந்த மைதானத்தில் தொடக்கத்திலேயே இரண்டு ஓரத்துத் தடுப்பாளர்களையும் மேலே அனுப்பிவிடுவார்கள், பின்னால் வெளி காலியாகக் கிடக்கும், எதிரியிடமோ வேகமாக ஓடுகிறவன் ஒருவன் இருந்தான். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் அந்த வெளியில் அடிப்பார்கள் என்று விளக்கியும் சொன்னேன். அப்படி மட்டும் நடந்துவிட்டால் ஒரு வாரம் தன் லோரியில் சிவப்புத் துணி கட்டுவதாக லோரித் தம்பி கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

பத்தாவது நிமிடம், நான் காட்டிய அதே வெளியில், அவர்கள் கோல் போட்டார்கள். வாத்தியார் தலையில் கை வைத்தார். லோரித் தம்பி மேசையைத் தட்டினான், பிறகு ஏதோ நினைவு வந்தவன்போல என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு முன் ஒன்று திருப்பினோம். இடைவேளைக்குப் பின் இரண்டு. எண்பதாவது நிமிடத்துக்கு மேல் நாலாவது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள், ஆட்டத்தைப் பார்க்க இல்லை, என்னைப் பார்க்க. நானும் கத்தினேன், கை தட்டினேன். உண்மையைச் சொன்னால், ஆட்டம் எனக்கு ரசிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு முறை வரும் ஆட்டம் அது. நான் அதைக் கடிகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

விசில் ஊதியதும் லோரித் தம்பி எழுந்து வந்தான். கேலி செய்யப்போகிறான் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, போன வாரம் நான் பேசுனது தப்பு. எல்லாரு முன்னாலயும் சொல்றேன். இந்த மேசையில ஆட்டம் தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

வாரம் முழுக்க நான் கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். கேட்டதும் ஓடிப்போகலாம்போல இருந்தது. பரவாயில்லை தம்பி என்று ஏதோ முனகினேன்.

சொன்ன சொல் தவறாமல் துணி கட்டினான். முன் கண்ணாடிக்குப் பக்கத்துக் கம்பியில், நல்ல பெரிய துணி, அவன் மனைவி தைத்தது. ஒரு நாளைக்கு மூன்று நடை. மூன்று நடையும் மேடை ஏறும்போது அந்தத் துணி என் கண்ணாடிக்கு முன்னால் படபடக்கும். வருகிற ஓட்டுநர்களிடமெல்லாம் கதையைச் சொல்லிவிட்டான். ஜன்னலில் தலையை விட்டு, இந்தச் சனிக்கிழமை லீக்கில் யார் ஜெயிப்பார் அக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். சொன்னேன். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஐரோப்பாவுக்கு மட்டும்தான் அக்காவுக்கு அருள் வரும்போல என்று அதற்கும் அவனே எனக்காக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் மூன்றாம் நடையில் அவனுக்குக் கொடுத்த சீட்டில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டேன். பதினாறு வருடத்தில் முதல் தப்பு.

துணி கட்டிய வாரம் முடிந்து பொட்டலம் வாங்கப் போனபோது கடையில் கூட்டம் இல்லை. பாய் ரொட்டியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"பத்தாவது நிமிசத்துல கோல் விழுந்துச்சே, வாத்தியார் தலையில கைய வச்சுட்டாரு. நீங்க ரொட்டியப் பிச்சுக்கிட்டே இருந்தீங்க, தங்கச்சி."

பசி என்றேன். அவர் தலையை ஆட்டினார். பொட்டலத்துக்கு ரப்பர் வளையம் போட்டார்.

"எனக்குக் காலையிலயே தெரிஞ்சிரும். கடையத் தொறந்தா மொத ஆளு ஸ்கோரச் சொல்லிட்டுத்தான் தே கேக்குறான். அதான் இத்தன வருசமா நான் அந்த மேசையில உக்கார்றது இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். பாய்க்கு ஸ்பெயின் நாட்டு வெள்ளைக் குழு மேல் உயிர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஆட்டத்தைக்கூட அவர் கல்லா ஓரத்தில் நின்றேதான் பார்ப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். வேலை அதிகம், பாவம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை "தெரியாது" என்று பொய் சொல்லியிருந்தால் அவருக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். அவர் கடை, அவர் நாற்காலி. அன்று ரொட்டி ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று கணவர் கேட்டார். சொன்னேன். காற்பந்துக்காகவா இவ்வளவு என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

அரை இறுதிக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் சொல்லாமலே விட்டுவிட முடியுமா என்று எல்லா வழியும் யோசித்துப் பார்த்தேன். பாய் சொல்லப்போவதில்லை. செகிஞ்சான்காரருக்கு எங்கள் மேசையே தெரியாது. சொன்னால் நாற்காலி போய்விடும், அதுவும் பெண் என்பதால் இரண்டு மடங்கு போகும். இனி எந்தப் பெண்ணாவது அங்கே வாய் திறந்தால் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள். எல்லாம் தெரிந்தும், அந்தச் சொல்லை இன்னொரு முறை அந்த மேசையில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதும் தெரிந்தது.

அரை இறுதியின் முதல் ஆட்டத்தன்று வாத்தியாரும் லோரித் தம்பியும் "தெரியாது" சொல்லி உட்கார்ந்தார்கள். நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னிக்கு ஆட்டம் தெரியாது. போன ஆட்டம் தெரியும். காலையிலயே தெரியும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் பொய் சொன்னேன்."

வாத்தியார் கைதுடைக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். லோரித் தம்பி கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அப்ப நான் மன்னிப்புக் கேட்டது?" என்றான்.

அந்த முதல் கோல் மட்டும் நானாகச் சொன்னது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. மணலோடு வந்த லோரிக்காரர்கள் என்னிடம் அப்படித்தான் சொல்வார்கள், மேலே இருப்பது நல்ல குலை அக்கா என்று. நான் கேட்டதில்லை. விழுங்கிக்கொண்டேன். என் தே தாரிக்கை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கத்து மேசைக்குப் போனேன்.

அன்றைய ஆட்டத்தை முதுகால்தான் பார்த்தேன். கை கழுவ வருகிறவர்கள் உதறும் தண்ணீர் சட்டையில் தெறித்தது. வாத்தியார் ஒரு முறை பெருமூச்சு விட்டார், ஒரு முறை மேசையைத் தட்டினார். ஒன்றுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டேன். வெறும் சத்தத்தை வைத்துக்கொண்டு என் நெஞ்சு அடித்த அடி, அந்த நாலுக்கு ஒன்று ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட அடிக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. இதற்காகத்தானே மனிதர்கள் ஆட்டம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஏழு நாள் அவன் லோரி வந்தது, போனது. சீட்டை வாங்கிக்கொள்வான், பேச்சு இல்லை. மற்ற ஓட்டுநர்களும் ஆரூடம் கேட்பதை நிறுத்திவிட்டார்கள், அதனால் அவன் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

இரண்டாம் ஆட்டத்தன்று நான் யாரையும் பார்க்காமல் நேரே தொட்டிப் பக்கத்து மேசைக்குப் போனேன். நாற்காலியை இழுக்கும்போது அவன் குரல் கேட்டது.

"அங்க போயிட்டா இங்க சண்டை போட ஆளு இல்ல லா. வாத்தியார் அவரு குழுவையே திட்டுறாரு, நான் யார்கிட்ட பேசுறது?"

திரும்பினேன். கால் ஆடும் அந்த நாற்காலியை அவன் காலாலேயே கொஞ்சம் வெளியே தள்ளிவிட்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். கைப்பேசியைக் கூடையில் போட்டேன்.

"தெரியாது" என்றேன்.

உண்மையிலேயே தெரியாது. செகிஞ்சான்காரர் அன்று காலை வந்தபோது அவர் சட்டையைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டு எடை போட்டவள் நான். ஆனால் அவனும் வாத்தியாரும் உடனே தே தாரிக் கேட்கவில்லை. இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு விடும் நேரம்தான். அதற்குப் பிறகு பாயைக் கூப்பிட்டார்கள்.

அன்று தோற்றோம். லீக்கிலும் ஆறாவது இடத்திலேயே முடித்தோம். வாத்தியார் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்து காட்டினார், இரண்டும் கிடைக்காது என்று மாசியிலேயே எழுதியிருந்தார். நீலம் லீக் கிண்ணத்தைத் தூக்கியது, லோரித் தம்பி எனக்கு ஒரு நீலத் துணி கொண்டுவந்து கொடுத்தான், என் கண்ணாடி அறையில் ஒரு வாரம் கட்டச் சொல்லி. கட்டினேன். இப்போது பழையபடி சண்டை போடுகிறோம். இந்த வருடமும் நாலாவது இடமா ஐரோப்பாவா என்று மேசை சூடாகத்தான் இருக்கிறது.

பாய் இன்னும் கல்லா ஓரத்தில் நிற்கிறார். என் நாற்காலி என்னிடம் இருக்கிறது. மற்ற இருவரும் "தெரியாது" என்று சொல்லும்போது யாரும் தலை நிமிர்வதில்லை. நான் சொல்லும்போது மட்டும் இரண்டு பேரும் என் முகத்தை ஒரு தடவை பார்க்கிறார்கள். அவர்களுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் உண்மையைத்தான் சொல்கிறேன், ஆனாலும் அந்த ஒரு மூச்சு நேரம் நான் ரொட்டிக் கூடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். குலைக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் இரண்டாம் முறை மேடை ஏறும் ஓட்டுநர்களும் அப்படித்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.